சப்ளையர் புரொஃபைல் போடுவது எப்படி? கிருஷ்ணகிரி, தர்மபுரி யூனிட்டுகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"எங்கள் சப்ளை செயின் போர்டலில் உங்கள் புரொஃபைலைப் பூர்த்தி செய்து அனுப்புங்கள்" என்று வெளிநாட்டு பையரிடமிருந்தோ (பொருளை வாங்கும் கம்பெனி) ஓசூரில் உள்ள பெரிய கம்பெனியிடமிருந்தோ மெயில் வந்ததும் எழும் கேள்விகள் இவை. உதாரணங்களைப் பெரும்பாலும் மாங்கூழ் ஆலையிலிருந்து எடுத்திருக்கிறோம். பருவ வேலை, மண்டி, குத்தகை, மேஸ்திரி (ஆள் கூட்டி வரும் ஒப்பந்தக்காரர்) ஆட்கள் என்று எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும் தொழில் அது. லேத் பட்டறைக்கும் தையல் யூனிட்டுக்கும் கிரானைட் ஆலைக்கும் இதே முறைதான்.

இந்தப் போர்டல்கள் எதற்கு? ஜிஎஸ்டியில் எல்லா விவரமும் இருக்கிறதே?

ஜிஎஸ்டி வரிக்கானது. பையர் கேட்பது வேறு: இந்தப் பொருள் எந்தக் கட்டடத்தில் உருவானது, அங்கே யார் வேலை செய்தார்கள், மூலப்பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது? பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம், 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் போன்றவை பெரிய கம்பெனிகளைத் தங்கள் சப்ளையர்களைப் பற்றிப் பதில் சொல்ல வைத்திருக்கின்றன. அந்தக் கேள்வியைத்தான் அவர்கள் உங்களிடம் அனுப்புகிறார்கள்.

போர்டல்களில் இரண்டு வகை உண்டு. செடெக்ஸ் போன்றவற்றில் நீங்கள் இணைப்புக் கொடுத்த பையர் மட்டுமே உங்கள் விவரத்தைப் பார்க்க முடியும். ஆண்டுக் கட்டணம் உண்டு. கம்பெனிக்கு ஒரு எண், ஒவ்வொரு தளத்துக்கும் (வேலை நடக்கும் இடத்துக்கும்) தனி எண் தருவார்கள். ஓப்பன் சப்ளை ஹப் போன்றது திறந்த பதிவேடு. தொழிற்சாலையின் பெயரையும் முகவரியையும் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் 15 எழுத்து கொண்ட அடையாள எண் கிடைக்கும், கட்டணம் இல்லை. பையர் எதைக் கேட்கிறார் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றைக் கேட்டவருக்கு இன்னொன்றைப் போட்டு ஒரு மாதத்தை வீணாக்கியவர்கள் நிறைய.

லாகின் செய்வதற்கு முன் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

ஜிஎஸ்டி சான்று (மூன்று பக்கமும், இணைப்புகளோடு), பேன் (வருமான வரிக் கணக்கு எண்), உத்யம் சான்று (சிறு தொழில் பதிவு), தொழிற்சாலை உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவாணை, கடைசி மின் கட்டண ரசீது, இஎஸ்ஐ மற்றும் பிஎஃப் சலான்கள், 12 மாதச் சம்பளப் பதிவேடு. உணவு என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம், ஏற்றுமதி என்றால் ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்), பாய்லர் இருந்தால் அதன் சான்று. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, இரண்டு விஷயத்தை மட்டும் முதலில் பாருங்கள்: பெயர், முகவரி. இரண்டும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

பெயர் எப்படி மாறுபடும்? எங்கள் கம்பெனிக்கு ஒரே பெயர்தானே?

ஜிஎஸ்டி சான்றில் இரண்டு பெயர் இருக்கும்: சட்டப் பெயர், வணிகப் பெயர். தனிநபர் உரிமையாளர் யூனிட் என்றால் சட்டப் பெயர் என்பது உரிமையாளரின் சொந்தப் பெயர். பலகையில் தொங்கும் பெயர் வணிகப் பெயர். போர்டலில் சட்டப் பெயர் கேட்கும் கட்டத்தில் பலகைப் பெயரைப் போட்டால் ஆவணச் சரிபார்ப்பில் நிற்கும்.

ஜிஎஸ்டி எண்ணையே பார்த்துக் கண்டுபிடிக்கலாம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பேன். பேனின் நான்காம் எழுத்து 'பி' என்றால் தனிநபர், 'எஃப்' என்றால் பங்குதாரர் நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. போர்டலில் நிறுவன வகை கேட்கும்போது இதற்குப் பொருந்துவதையே தேர்ந்தெடுங்கள். பலர் 'பிரைவேட் லிமிடெட்' என்று கையில் வந்ததை அழுத்திவிடுகிறார்கள்.

பிறகு சின்னச் சின்ன வித்தியாசங்கள்: ஒரு தாளில் 'ஸ்ரீ', இன்னொன்றில் 'சிறி'; ஒன்றில் 'அண்ட் கோ', இன்னொன்றில் '& கோ'; ஒன்றில் 'புட்ஸ்', இன்னொன்றில் 'ஃபுட் புராடக்ட்ஸ்'. மனிதருக்கு ஒன்றுதான், கணினிக்கு மூன்று கம்பெனி. ஜிஎஸ்டியில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலை, ஒரு புள்ளி கூட மாறாமல், எல்லா இடத்திலும் போடுங்கள்.

எங்கள் பழைய ஆவணத்தில் தர்மபுரி மாவட்டம் என்று இருக்கிறது. ஆலை கிருஷ்ணகிரியில். எதைப் போடுவது?

இன்றைய மாவட்டத்தை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முந்தைய பத்திரம், பட்டா, பழைய உரிமம் எல்லாவற்றிலும் தர்மபுரி என்றே இருக்கும். தர்மபுரியே 1965-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே பாட்டன் காலத்து நிலப் பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்று இருந்தாலும் வியப்பில்லை. தாலுகாவும் அப்படியே: பர்கூர் முன்பு கிருஷ்ணகிரி தாலுகாவில் இருந்தது, சூளகிரி ஓசூரில், அஞ்செட்டி தேன்கனிக்கோட்டையில்.

லண்டனிலோ ஹாம்பர்க்கிலோ உட்கார்ந்து ஆவணம் சரிபார்ப்பவருக்கு இந்த வரலாறு தெரியாது. அவர் பார்ப்பது ஒன்றே: ஒரே ஆலைக்கு இரண்டு மாவட்டம், ஆக இரண்டு ஆலை. "2004-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டது, இரண்டும் ஒரே இடம், சர்வே எண் இதுவே" என்று லெட்டர் பேடில் நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, பழைய ஆவணத்தோடு ஒரே பிடிஎஃப்-ஆக இணைத்துவிடுங்கள். இது இல்லாமல் திரும்பி வந்த புரொஃபைல்கள் ஏராளம்.

ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்து இன்னொரு தலைவலி. காவேரிப்பட்டினத்தை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். பாலக்கோட்டுக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் இதே கதி. இங்கேயும் ஜிஎஸ்டியில் உள்ளதே கணக்கு. பின்கோடு சரியா என்று பாருங்கள்: கிருஷ்ணகிரி 635001, காவேரிப்பட்டினம் 635112, பர்கூர் 635104, ஓசூர் 635109, தர்மபுரி 636701. ஆலை ஊருக்கு வெளியே இருந்தால் தபால் எந்த அஞ்சலகம் வழியாக வருகிறதோ அதன் பின்கோடுதான் உங்களுடையது.

வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்கிறது. எங்கே வைப்பது?

உற்பத்தி நடக்கும் கட்டடத்தின் மேல். டவுனில் உள்ள ஆபீஸ் மேலோ, நெடுஞ்சாலை ஓரத்து கேட் மேலோ வைக்கக் கூடாது. ஆலைக் கூரைக்குக் கீழே நின்று கைபேசி வரைபடத்தில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண் வரும். கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரம் என்றால் முதல் எண் 12.5 பக்கம், இரண்டாவது 78.2 பக்கம் இருக்கும். ஓசூர் 12.7, 77.8. தர்மபுரி 12.1, 78.1.

புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள். அது ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் புள்ளி ஒரு கிலோமீட்டர் வரை நகர்ந்து பக்கத்து ஊர் ஏரியில் உட்கார்ந்திருக்கும். இரண்டு எண்ணையும் இடம் மாற்றிப் போட்டால் கிருஷ்ணகிரி ஆலை வடதுருவத்தை ஒட்டி, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே கடலில் போய் நிற்கும். பாகை, நிமிடம், நொடி என்று சர்வேயர் கொடுத்த எண் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்: 12 பாகை 31 நிமிடம் 12 நொடி என்பது 12.52. நிமிடத்தை 60-ஆலும் நொடியை 3,600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். 12.3112 என்று அப்படியே எழுதினால் ஆலை 23 கிலோமீட்டர் தெற்கே போய்விடும்.

தேடிப் பார்த்தால் எங்கள் யூனிட் ஏற்கெனவே போர்டலில் இருக்கிறது. நாங்கள் போடவே இல்லையே?

உங்கள் பையர் யாராவது தன் சப்ளையர் பட்டியலை ஏற்றியிருப்பார். திறந்த பதிவேடுகளில் இது வழக்கம். புதிதாக இன்னொன்று போடாதீர்கள். இருப்பதையே 'இது எங்களுடையது' என்று உரிமை கோருங்கள். உரிமம், மின் ரசீது போன்ற ஒரு சான்று கேட்பார்கள். தேடும்போது ஊர்ப் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டலிலும், பழைய கம்பெனிப் பெயரிலும் தேடுங்கள். இரட்டைப் பதிவு கிடைத்தால் இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லிப் புகார் கொடுக்கும் வசதி உண்டு.

கன்சல்டன்ட் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். விட்டுவிடலாமா?

உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கு அவர் மெயிலில் திறக்கப்படக் கூடாது. அவர் வேறு வேலைக்குப் போனதும் ஓடிபி அவர் போனுக்கே போகும், உங்கள் புரொஃபைல் உங்களுக்கே பூட்டப்பட்டிருக்கும். கம்பெனிக்கென்று ஒரு மெயில், அதில் குறைந்தது இரண்டு பேர் நிர்வாகி. பதில்களையும் அவர் தன் முந்தைய கிளையன்டின் புரொஃபைலிலிருந்து நகலெடுத்துப் போடுவதுண்டு. ஊத்தங்கரையில் இருக்கும் மாங்கூழ் ஆலையின் புரொஃபைலில் 'சாய ஆலைக் கழிவுநீர்' என்று இருந்தால் எந்த பையரும் அடுத்த வரியைப் படிக்க மாட்டார். சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு பதிலையும் உரிமையாளரோ மேலாளரோ படிக்க வேண்டும்.

ஆட்கள் எண்ணிக்கை கேட்கிறது. சீசனில் ஒரு கணக்கு, மற்ற மாதத்தில் ஒரு கணக்கு. எதைச் சொல்வது?

இரண்டையும். எந்த மாதக் கணக்கு என்பதையும். அதிகத் தவறு நடக்கும் இடம் இது.

ஒரு ஆலையை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதம் 140 பேர்: நிரந்தர ஆட்கள் 22, நேரடித் தினக்கூலி 38, மேஸ்திரி வழியாக வந்தவர்கள் 80. டிசம்பரில் அதே 22 பேர் மட்டும். பலர் சம்பளப் பட்டியலைப் பார்த்து 22 அல்லது 60 என்று எழுதுவார்கள். மேஸ்திரி ஆட்களுக்குச் சம்பளம் நாம் போடுவதில்லை, ஆகவே அவர்கள் நம் ஆட்கள் இல்லை என்ற எண்ணம். போர்டல் கேட்பது உங்கள் கூரைக்குக் கீழே வேலை செய்யும் எல்லாரையும். கழிப்பறை, குடிநீர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி எல்லாம் 140 பேருக்குப் போதுமா என்றுதான் பார்ப்பார்கள், 22-க்கு இல்லை. மாங்காய் கழுவி, தோல் சீவி, கொட்டை நீக்கும் இடத்தில் நாள் முழுக்க நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் எண்ணிக்கையில் இல்லையென்றால் அவர்களுக்கான கழிப்பறையும் கணக்கில் இருக்காது. இந்தக் கட்டத்தைச் சரியாக நிரப்பச் சொல்லி நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவது அதற்காகத்தான்.

ஆண், பெண், வெளிமாநிலத்தவர் என்று தனித்தனியாகவும் கேட்கும். ஒடிசா, பிகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் ஓசூர்ப் பக்க யூனிட்டுகளில் நிறைய. அவர்கள் தங்கும் அறை உங்களுடையது என்றால் அதையும் தளத்தின் பகுதியாகக் காட்ட வேண்டும். வேலைக்குச் சேர அவர்களிடம் ஏஜென்ட் பணம் வாங்கினாரா என்ற கேள்வியும் வரும். அதற்கு மேஸ்திரியைக் கேட்டு பதில் எழுதாதீர்கள். ஆட்களையே, அவர்களுக்குத் தெரிந்த மொழியில், மேஸ்திரி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.

வயதுச் சான்று எல்லாருக்கும் வேண்டுமா?

வேண்டும், ஒரு நாள் கூலிக்கு வந்தவருக்கும். 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைக்கவே கூடாது; 18 வரை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது. பாய்லர், கொதிநீர், கத்தி உள்ள இடத்தில் 18-க்கு மேல் என்ற விதியே பாதுகாப்பு. ஆனால் ஆதார் நகல்களைப் போர்டலில் ஏற்றாதீர்கள். அது உங்கள் கோப்பில் இருந்தால் போதும். ஏற்றியே ஆக வேண்டும் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்துங்கள்.

மாங்காய் மண்டியிலிருந்து வருகிறது. தோட்டம் எது என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஒரே நாளில் முடியாது, ஒரு சீசனில் முடியும். காய் வரும் வழியைப் பாருங்கள்: விவசாயி தோப்பைக் குத்தகைக்கு விடுகிறார், குத்தகைதாரர் பறித்து மண்டிக்கு அனுப்புகிறார், மண்டியிலிருந்து லாரி ஆலைக்கு வருகிறது. சில நாள் ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கத்துக் காயும் சேர்ந்து வரும். தகவல் அறுந்துபோவது மண்டியில். ஆகவே கயிற்றை எடை மேடையில் பிடியுங்கள். ஒவ்வொரு லாரிக்கும் எடைச் சீட்டில் ஆறு விவரம் கையால் எழுதினால் போதும்: தேதி, வண்டி எண், மண்டி அல்லது குத்தகைதாரர் பெயர், காய் வந்த ஊர், ரகம், நிகர எடை. தோத்தாபுரி, அல்போன்சா, நீலம் என்று ரகம் தனித்தனியாக.

அடுத்தது லாட் எண், அதாவது ஒரே தடவையில் உருவான சரக்குக்குக் கொடுக்கும் எண். ஆண்டின் எத்தனையாவது நாள், எந்த ஷிப்ட், எந்த லைன் என்பதே போதும். ஜூன் 12 என்பது சாதாரண ஆண்டில் 163-ஆம் நாள். இரண்டாம் ஷிப்ட், முதல் லைன் என்றால் 163-2-1. அன்று உள்ளே வந்த எடைச் சீட்டுகளைக் கத்தையாகக் கட்டி மேலே இந்த எண்ணை எழுதுங்கள், டிரம் லேபிளிலும் இதே எண். நாளை ரோட்டர்டாமில் ஒரு டிரம்மைத் திறந்து கேள்வி கேட்டாலும் கத்தையை எடுத்துப் பதில் சொல்லலாம்.

பையர் அடுத்துப் பார்ப்பது கணக்குப் பொருந்துகிறதா என்று. உங்கள் ஆலையில் 100 டன் காய்க்கு 52 டன் கூழ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரம்முக்கு 215 கிலோ என்றால் 241 டிரம், மீதி 185 கிலோ. பில்லில் 300 டிரம் இருந்தால் அது 64.5 டன். மிச்சம் 12.5 டன் கூழ் எங்கிருந்து வந்தது? பக்கத்து ஆலையில் வாங்கிக் கலந்திருப்பீர்கள். தொழிலில் நடப்பதுதான், ஆனால் அந்த ஆலையையும் சப்ளையராகப் புரொஃபைலில் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் இந்த ஒரு கழித்தல் கணக்கே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

பழுக்க வைக்கும் அறை வேறு இடத்தில் இருந்தால் அதுவும் தனித் தளம். கால்சியம் கார்பைடு தடை செய்யப்பட்டது; எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி. எதை, எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதுங்கள்.

பிளேட்டிங் (உலோகப் பூச்சு), ஹீட் ட்ரீட்மென்ட் (வெப்பப் பதப்படுத்தல்) வேலைகளை வெளியே கொடுக்கிறோம். அதையும் சொல்ல வேண்டுமா? சொன்னால் பையர் நேராக அங்கே போய்விடுவாரே?

சொல்ல வேண்டும். பயம் புரிகிறது. ஆனால் உங்கள் டெலிவரி சலானிலேயே அந்த யூனிட்டின் பெயர் இருக்கிறது. பையருக்காக ஆலையைச் சோதிக்க வரும் ஆடிட்டர் முதலில் புரட்டுவது அந்தக் கோப்பைத்தான். விலை, அளவு எதையும் போட வேண்டியதில்லை. பெயர், இடம், என்ன வேலை என்பது மட்டும். பெயரைப் பொதுவில் காட்டாமல் பையருக்கு மட்டும் காட்டும் வசதி போர்டலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். தையல் யூனிட் பட்டனும் காஜாவும் வீடுகளுக்குக் கொடுத்தால் அதுவும் வெளிவேலைதான்.

மின்சாரம், தண்ணீர் கட்டங்களில் என்ன தவறு வரும்?

அலகு. மின் ரசீதில் யூனிட் என்பது கிலோவாட்-மணி. போர்டல் சில சமயம் மெகாவாட்-மணியில் கேட்கும். 48,000 யூனிட் என்பது 48. அப்படியே 48,000 என்று எழுதினால் ஒரு சின்ன ஆலை ஒரு நகரத்தின் மின்சாரத்தை எரித்ததாக ஆகும். ஏப்ரல்–மார்ச்சா, ஜனவரி–டிசம்பரா என்றும் பாருங்கள். ஜெனரேட்டர் டீசலை லிட்டரில் தனியாகச் சேர்க்க வேண்டும். போர்வெல்லுக்கு மீட்டர் இல்லையென்றால் கற்பனை எண் போடாமல், மோட்டார் ஓடிய நேரத்தையும் அது மணிக்கு இறைக்கும் அளவையும் பெருக்கி, 'மதிப்பீடு' என்று குறிப்பிடுங்கள்.

குடிநீருக்கு ஒரு வார்த்தை. நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பிரச்சினை உண்டு; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஆட்கள் குடிப்பது போர்வெல் நீர் என்றால் பரிசோதனை அறிக்கையில் ஃப்ளோரைடு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு நீர் இல்லாதபோது அதிகபட்சம் 1.5. பாக்டீரியா மட்டும் பார்த்த அறிக்கை நம் ஊருக்குப் போதாது.

'இல்லை' என்று பதில் போட்டால் ஆர்டர் போய்விடுமா?

எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்ட புரொஃபைல்தான் சந்தேகத்தைக் கிளப்பும். உதாரணமாக, பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு இல்லாமல் 'ஆம்' போட்டீர்கள் என்றால் ஆடிட்டர் நேரே தோல் சீவும் இடத்துக்குப் போய், "புகார் இருந்தால் யாரிடம் சொல்வீர்கள் அக்கா?" என்று கேட்பார். அந்த அக்கா மேலே பார்த்து விழித்தால் முடிந்தது. அதோடு உங்கள் மற்ற பதில்களின் மேலும் நம்பிக்கை போகும். 'இல்லை, இந்தத் தேதிக்குள் அமைக்கிறோம், பொறுப்பு இன்னார்' என்று எழுதுங்கள். அந்தத் தேதிக்குள் செய்தும் முடியுங்கள்.

ஆவணம் ஏற்றினால் திரும்பத் திரும்ப நிராகரிக்கிறது. ஏன்?

பெரும்பாலும் காலாவதி, அல்லது பின்பக்கம் ஸ்கேன் ஆகாமல் விட்டது, அல்லது உரிமத்தில் பழைய முகவரி. ஆலை இடம் மாறியோ புதுக் குடோன் சேர்ந்தோ இருந்தால் முதலில் ஜிஎஸ்டியில் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்துவிட்டு, பிறகு போர்டலுக்கு வாருங்கள். உத்யம் ஒரு பேனுக்கு ஒன்றுதான், புது யூனிட்டை அதிலேயே சேர்க்க வேண்டும். தமிழில் உள்ள பட்டா, ஊராட்சி ரசீது போன்றவற்றுக்கு மேலே ஒரு பக்க ஆங்கிலக் குறிப்பு வையுங்கள்: என்ன ஆவணம், யார் கொடுத்தது, எந்தச் சர்வே எண், எது வரை செல்லும். புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால் விண்ணப்ப ரசீதையும் பழைய உரிமத்தோடு சேர்த்து ஏற்றுங்கள்.

புரொஃபைலைச் சரிபார்க்கப் பணம் கட்டு என்று மெயில் வந்திருக்கிறது.

லிங்க்கை அழுத்தாதீர்கள். பையரின் பழைய எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். கட்டணம் இருந்தால் போர்டலுக்குள் லாகின் செய்த பிறகு தெரியும் பில்லுக்கு மட்டும் கட்டுங்கள்.

ஒரு முறை முடித்தால் போதுமா?

போதாது. மாங்கூழ் ஆலைகள் ஆண்டுக்கு இரண்டு முறை புரொஃபைலைத் திறந்து புதுப்பிக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில், காய் வரத் தொடங்கும் முன்: உரிமங்கள், மேஸ்திரி ஒப்பந்தம், குடிநீர் அறிக்கை. ஆகஸ்டில், சீசன் முடிந்த கையோடு: உச்ச மாத ஆட்கள், மொத்தக் காய், மொத்த டிரம், காய் வந்த ஊர்கள். ஆடிட்டர் சம்பளப் பதிவேட்டில் பொதுவாக மூன்று மாதம் எடுப்பார்: அண்மை மாதம், வேலை குறைந்த மாதம், உச்ச மாதம். நம் ஊரில் அந்த உச்ச மாதம் எப்போதும் ஜூனை ஒட்டித்தான் இருக்கும். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போனதற்கு இரட்டைக் கூலி கொடுத்த பதிவை அந்த மாதமே, ஆட்களின் கையெழுத்தோடு, கட்டி வைத்துவிடுங்கள். ஆகஸ்டில் தேடினால் மேஸ்திரியும் ஊரில் இருக்க மாட்டார், ஆட்களும் இருக்க மாட்டார்கள்.